1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், வீட்டுக் கராஜில்: முதலில் எஞ்சினா, சில் தகடா?

#1 அபிங்டன்71

வணக்கம். வண்டி 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), இங்கிலாந்து மாடல், வலப்பக்க ஸ்டீயரிங். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர், ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலை வேகத்துக்கான கூடுதல் கியர்) உண்டு. பன்னிரண்டு வருடம் நகராமல் நின்றது. எஞ்சினை இன்னும் சுற்றிப் பார்க்கவில்லை. பிரேக் பெடல் தரை வரை போகிறது. பெயிண்ட் பார்க்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற தகட்டுப் பெட்டியின் அடியில் ஸ்குரூடிரைவர் தடையில்லாமல் உள்ளே இறங்குகிறது.

கையில் இருப்பவை: 2 டன் டிராலி ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, 150 ஆம்ப் மிக் வெல்டர். எஞ்சினை முதலில் ஓடவிட்டு, அப்புறம் டிங்கரிங் வேலைக்குப் போகலாம் என்று திட்டம். இந்த வரிசை சரியா?

#2 தகரவேலை

சரியில்லை. எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியே சட்டகம். ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வளையாமல் பிடித்திருப்பவை இரண்டு பக்கச் சில்லும், இருக்கைகளுக்கு நடுவே ஓடும் டனலும்தான். ஸ்குரூடிரைவர் இறங்குகிறது என்றால் வண்டியின் முதுகெலும்பில் ஒன்று உளுத்துவிட்டது என்று அர்த்தம்.

சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளியே தெரிவது வெளிச்சில். அதற்குப் பின்னால் நெட்டுக்குத்தாக ஒரு நடுத்தகடு, அதற்கும் உள்ளே தரையோடு சேரும் உள்சில், அடியை மூடும் தகடான காசில் செக்‌ஷன். நான்கும் சேர்ந்துதான் பெட்டி. கடைக்காரர் பலர் அழுகிய வெளிச்சில்லின் மேலேயே புதுத் தகடு ஒன்றை ஒட்டவைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் வண்டியின் பளபளப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். முன் விங்கின் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) பின்கீழ் மூலையைப் பாருங்கள். வெளிச்சில் அந்த விங்குக்கு உள்ளே தொடர்ந்து போக வேண்டும். விங்கின் விளிம்போடு நின்றுவிட்டால் அது மேல்மூடித் தகடு.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. கதவுகளை மூடி வைத்து, கதவின் பின்விளிம்புக்கும் பின் விங்குக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். பிறகு அந்தப் பக்க ஜாக்கிங் பாயிண்டில் மெல்லத் தூக்கி மறுபடி அளங்கள். அளவு மாறினாலோ, கதவு திறக்க அடம்பிடித்தாலோ, பெட்டி தன் வேலையைச் செய்யவில்லை. நடுவே தொய்ந்த ரோட்ஸ்டரில் இடைவெளி மேலே நெருங்கி, கீழே விரியும். ஜாக்கி கொடுக்கும்போது தகடு நொறுங்கும் சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

#3 ஜெட்நீடில்

தகரவேலை சொல்வதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன், ஒரு விஷயம் தவிர. எஞ்சின் இறுகிக் கிடக்கிறதா இல்லையா என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. செலவுக் கணக்கு அதில்தான் இருக்கிறது. ஓடவிட வேண்டாம், சுற்றிப் பார்த்தால் போதும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி மெல்லிய எண்ணெய் விடுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு நான்காவது கியரில் போட்டு வண்டியை ஒரு கை அகலத்துக்கு முன்னும் பின்னும் தள்ளுங்கள். முன் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்புங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. ஒட்டிய ரிங் அந்த வேகத்தில் உடையும்.

சுற்றியது என்றால் வால்வு கவரைத் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கரும் அசைகின்றனவா என்று பாருங்கள். நீண்ட நாள் நின்ற எஞ்சினில் வால்வு ஒன்று கைடிலேயே ஒட்டிக்கொண்டு, ராக்கரைத் தள்ளும் புஷ்ராடு என்ற தண்டு வளைவது உண்டு.

#4 இருபதுஐம்பது

ஜெட்நீடில் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் ஆயில் பம்ப் காய்ந்திருக்கும். பழைய எண்ணெயை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து சுமார் 4¼ லிட்டர், ஆயில் கூலர் இருந்தால் இன்னும் கொஞ்சம். துத்தநாகச் சேர்மம் குறையாத எண்ணெயாக வாங்குங்கள். இந்த எஞ்சினில் கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே நிற்கும் டப்பெட்டின் அடிப்பாகம் தட்டையானது. கேம் மேல் உருளாமல் உரசியே ஓடும், அந்த உரசலுக்குத் துத்தநாகம் தேவை. இன்றைய கார்களுக்கான மெல்லிய எண்ணெய் கேமைத் தின்றுவிடும்.

எஞ்சின் தடையில்லாமல் சுற்றுகிறது என்று உறுதியான பிறகு, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைப் பத்து பத்து விநாடியாகச் சுற்றுங்கள். டாஷ்போர்டு கேஜில் அழுத்தம் ஏறிய பிறகுதான் பிளக் போட வேண்டும். அரை நிமிடம் சுற்றியும் முள் அசையாவிட்டால் பம்ப் எண்ணெயைப் பிடிக்கவில்லை. பிளாக்கின் பின்பக்கத்திலிருந்து கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த வழியாக எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் பின்னோக்கிக் கொஞ்சம் சுற்றினால் பம்ப் நிரம்பிவிடும்.

சூடான எஞ்சினில், ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு அழுத்தம், ஐட்லிங்கில் 10 முதல் 25. அதற்குக் கீழே போனால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஆனால் முதலில் கேஜையே சந்தேகப்படுங்கள்.

இந்த வண்டியில் கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயைப் பகிர்கின்றன. அதற்கும் இதே 20டபிள்யூ-50தான். கியர் ஆயில் என்ற பெயரைப் பார்த்து இபி90 ஊற்றிவிடாதீர்கள், அது பின் ஆக்சிலுக்கு மட்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மம் எதையும் ஓவர்டிரைவ் பக்கம் கொண்டுபோகவே கூடாது. உள்ளே இருக்கும் கூம்பு கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும்.

#5 அபிங்டன்71

நன்றி. நான்காவது கியரில் தள்ளிப் பார்த்தேன், சுற்றுகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம், சதுர அங்குலத்துக்குப் பவுண்டில்), 1 முதல் 4 வரை: 150, 145, 110, 150. எட்டு ராக்கரும் அசைகின்றன. சில் பற்றி: அழுகிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் போதாதா?

#6 ஜெட்நீடில்

மூன்றாவது சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டை நினைக்க வேண்டும், உங்களுடையது அப்படி இல்லை.

அதற்கும் முன்னால் வால்வு கிளியரன்ஸ், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி, பாருங்கள். குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஒன்பதின் கணக்கு நினைவில் இருக்கட்டும்: 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்ய வேண்டும், 6 திறந்திருந்தால் 3ஐ. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ராக்கரின் நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் குழியின் மேலாகப் பாலம் போல நிற்கும். 0.015 என்று காட்டும், உண்மையில் அதைவிட அதிகமாக இருக்கும், டப்பெட் சத்தம் போகவே போகாது.

எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றில் மட்டும் கிளியரன்ஸ் இல்லாமல் போயிருந்தால், வால்வு உட்காரும் சீட் தேய்ந்து உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலில் இருந்த ஈயம்தான் அந்தத் தேய்மானத்தைத் தடுத்தது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 ஜனவரி 1 முதல் பொது விற்பனையில் இல்லை. ஹெட்டை எப்போது கழற்றினாலும் கடின எக்ஸாஸ்ட் சீட் போட்டுவிடுங்கள். ஹெட் நட் 50 பவுண்டு-அடி. ஹெட்டை மறுபடி இறுக்கினால் கிளியரன்ஸையும் மறுபடி பார்க்க வேண்டும்.

#7 தகரவேலை

ஒட்டுப் போடுவது பற்றிக் கேட்டீர்கள். வெளிச்சில்லில் ஓட்டை தெரிகிறது என்றால் துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. உள்ளே நடுத்தகடு அநேகமாக இல்லை. வெளிச்சில்லை முழு நீளத்துக்கு வெட்டித் திறந்தால்தான் உண்மை தெரியும்.

வேலை வரிசை இப்படி. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வையுங்கள். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அடியில்தான் ஓடுகின்றன. இருக்கை, கார்ப்பெட், ஓரத்து ரப்பர் எல்லாம் வெளியே. பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்பைக் கழற்றுங்கள். இன்னொன்று, இதைக் கவனமாகப் படியுங்கள்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டை ஒருபோதும் வெல்டு செய்யாதீர்கள். சூட்டில் அது ஃபாஸ்ஜீன் வாயுவாக மாறும், மூடிய கராஜில் உயிருக்கே ஆபத்து. அசிட்டோன் போட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெல்டு செய்யுங்கள்.

வண்டியின் எடை சக்கரத்தில் நிற்பது போலவே நிற்க வேண்டும். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பருக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு, பின் ஆக்சிலுக்கு அடியில் இரண்டு. நீர்மட்டம் வைத்துச் சமன் பாருங்கள். பிறகு கதவு வாசலின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயால் தாங்கு கொடுங்கள். கதவைக் கழற்றிவிட்டு, முன்னால் கீல் போல்ட் ஓட்டைகளிலும் பின்னால் பூட்டுத் தகட்டின் ஓட்டைகளிலும் போல்ட் போட்டு இறுக்கும் மாதிரி செய்தால், நடுநடுவே தாங்கைக் கழற்றிக் கதவை மாட்டிச் சரிபார்க்கலாம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வண்டி வாழைப்பழம் போல வளைந்துவிடும், அதை வீட்டில் வைத்து நிமிர்த்த முடியாது.

முன் விங் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் விங் வெல்டு செய்தது, அதன் முன்கீழ்ப் பகுதியை வெட்டித்தான் வெளிச்சில்லின் வால்பகுதியை எடுக்க முடியும். காசில் செக்‌ஷனும் உள்சில்லும் முதலில், அப்புறம் நடுத்தகடு, கடைசியில் வெளிச்சில். ஒவ்வொரு கட்டத்திலும் தகட்டைக் கிளாம்ப்பாலும் தகர ஸ்குரூவாலும் மட்டும் பிடித்து, தாங்கை எடுத்து, கதவை மாட்டி, மூடிப் பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தால்தான் வெல்டு. அலுப்பான வேலைதான். ஐந்து தடவை மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கும்.

மிக் வெல்டருக்கு 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் கலந்த வாயு. சுத்த கார்பன்டைஆக்சைடு மெல்லிய தகட்டில் ஓட்டை போடும். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு இருந்த இடத்தில் 6 முதல் 8 மி.மீ. ஓட்டை, 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில் துளைத்து, நிரப்பி வெல்டு செய்யுங்கள். விளிம்போடு விளிம்பு சேரும் இடத்தில் தொடர்ந்து ஓட்டாமல், 10 மி.மீ. அங்கே, 10 மி.மீ. இங்கே என்று தள்ளித் தள்ளி வைத்தால் தகடு நெளியாது. ஒன்றன்மேல் ஒன்று படியும் முகங்களில் வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர். எல்லாம் முடிந்து பெயிண்டும் ஆன பிறகு பெட்டிக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும். முன்னமே மெழுகு போட்டால் வெல்டிங்கில் தீப்பிடிக்கும். அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளை மெழுகோ சீலரோ அடைத்துவிடாமல் பாருங்கள், இந்தச் சில் அழுகியதே தண்ணீர் வெளியேற வழியில்லாமல்தான்.

முன் விங்குக்குள் ஒரு சேற்றுத் தடுப்புத் தகடு உண்டு, ஓரத்தில் ரப்பர் இருக்கும். அந்த ரப்பர் போனால் சக்கரம் வாரி அடிக்கும் சேறு கதவுத் தூணின் அடியில் குவிந்து, சில்லை முன்பக்கத்திலிருந்து தின்னும். அதை மாற்றாமல் சில் மட்டும் மாற்றினால் சில வருடத்தில் அதே வேலை திரும்ப வரும்.

#8 கிங்பின்

வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே பிரேக்கையும் முன் சஸ்பென்ஷனையும் முடித்துவிடுங்கள். 1971 இங்கிலாந்து மாடலுக்குப் பிரேக் ஒரே சர்க்யூட். எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், கைபிரேக்தான் மிச்சம். ஆகவே பாதி வேலை என்பதற்கே இங்கே இடமில்லை.

மூன்று ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று. வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். மிதித்தால் எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே ஓடும். இரும்புக் குழாய்களுக்குப் பதில் 3/16 அங்குலச் செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம்.

இறுகிய காலிப்பர் பிஸ்டனை வெளியே தள்ளக் காற்று அழுத்தம் வேண்டாம், குண்டு போலப் பாயும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கொஞ்சம் உயிர் இருந்தால் பெடலை மிதித்தே வெளியே கொண்டுவரலாம். குரோம் பூச்சில் புள்ளி விழுந்த பிஸ்டனில் புது சீல் போட்டுப் பயனில்லை. ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் கிடைக்கிறது. பழைய பிரேக் ஷூவின் தூளை ஊதவே கூடாது, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் நிற்கும் அச்சு) சோதனை: சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் அல்லது அதன் கீழ் மூட்டு. கிரீஸ் நிப்பிள்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காத வண்டிகளில்தான் இது போகும். கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் அழுந்தாமல் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸ் தேவையான பக்கத்துக்குப் போகாது.

வீல் பேரிங்கில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. எம்ஜிபியில் இரண்டு டேப்பர் பேரிங்குக்கு நடுவே ஒரு ஸ்பேசரும், அளவு பார்க்க ஷிம் என்ற மெல்லிய வளையத் தகடுகளும் இருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நட்டை லேசாக இறுக்கி விடுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஸ்பேசர் நட்டின் இறுக்கத்தைத் தாங்கி, ஸ்டப் ஆக்சிலை விறைப்பாக வைத்திருக்கிறது. ஷிம் சேர்த்து, எடுத்து, ஆட்டம் 0.002 முதல் 0.004 அங்குலம் வரும்வரை பாருங்கள். நட் 40 முதல் 70 பவுண்டு-அடி, ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராகும் இடத்தில் நிறுத்துங்கள்.

விஷ்போனின் (முன் சஸ்பென்ஷன் கை) ரப்பர் புஷ் மாற்றினால் அதன் நட்டை, வண்டி தன் சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும்.

#9 இருபதுஐம்பது

பிரேக் ஆயில் டாட் 5 சிலிகான் போடுங்கள் என்பேன். தண்ணீரை உறிஞ்சாது, சிந்தினால் பெயிண்டை உரிக்காது. வருடத்தில் பாதி நாள் நிற்கப்போகும் வண்டிக்குப் பொருத்தம்.

#10 கிங்பின்

ஒத்துக்கொள்ள மாட்டேன். சிலிகானில் நுண்குமிழி தங்கும், பெடல் பஞ்சாக இருக்கும். உள்ளே புகும் தண்ணீர் அதில் கரையாமல் தாழ்ந்த இடத்தில், அதாவது காலிப்பரில், தனியாகத் தேங்கித் துருவாக்கும். சீல், குழாய் எல்லாம் புதிதாக இருக்கும்போது மட்டுமே யோசிக்கலாம். பழைய எண்ணெயோடு துளியும் கலக்கக் கூடாது. டாட் 4 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது எளிது, பாதுகாப்பு.

#11 பழுப்புவயர்

மின்சாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் வயர் நிறக்கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பழுப்பு: பேட்டரியிலிருந்து நேராக வரும், ஃப்யூஸ் கிடையாது. வெள்ளை: சாவி போட்டால் வரும். பச்சை: சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக. ஊதா: எப்போதும், ஃப்யூஸ் வழியாக. கருப்பு: எர்த். 1967க்குப் பிந்தைய வண்டி என்பதால் உங்களுடையது நெகட்டிவ் எர்த்.

பழைய லூகாஸ் ஃப்யூஸில் 35 ஆம்ப் என்று எழுதியிருப்பது வெடிக்கும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். இன்றைய 35 ஆம்ப் ஃப்யூஸை அங்கே போட்டால் அது வெடிப்பதற்குள் வயர் உருகிவிடும். 17 ஆம்ப் போடுங்கள்.

இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி தொடரிணைப்பில் இருக்கும். அந்தப் பெட்டிகளின் அடித்தகட்டையும் தகரவேலை பட்டியலில் சேர்க்கவும். அமிலம் சிந்திச் சிந்தி அதுவும் அழுகியிருக்கும்.

இக்னிஷன் காயில் வாங்கும்போது 12 வோல்ட், சுமார் 3 ஓம் உள்ளதாக வாங்குங்கள். பாலாஸ்ட் வயரோடு (வோல்ட்டைக் குறைக்கும் வயர்) வரும் 6 வோல்ட் காயில் பிந்தைய ரப்பர் பம்பர் வண்டிகளுக்கு. அதை இதில் போட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட் கருகும். பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் 0.025. ஃபயரிங் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்.

ஸ்பேனர் செட்டும் அங்குல அளவில் வாங்குங்கள். 1/2 அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் போகும், ஆனால் துருப்பிடித்த நட்டின் மூலையை மழித்துவிடும்.

#12 ஜெட்நீடில்

கார்புரேட்டர் கடைசி வேலை. வால்வு, பாயிண்ட், டைமிங் சரியாகும் முன் அதைத் தொட்டால் ஒரு கோளாறை இன்னொன்றால் மறைப்பதாகிவிடும்.

முதலில் பெட்ரோல். டேங்கில் இருப்பது பெட்ரோல் அல்ல, வார்னிஷ். வடித்துவிடுங்கள். 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ் கரைந்து, எஞ்சின் அறையில் ஒழுகுகிறது. எத்தனால் தாங்கும் ஆர்9 தர ஹோஸ் போடுங்கள். பின்னால் இருக்கும் எஸ்யூ பம்ப் சாவி போட்டதும் டக்டக்கென்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மிதவை ஊசி மூடவில்லை.

கார்புரேட்டரின் வெற்றிட அறை மூடியையும் அதற்குள் இருக்கும் பிஸ்டனையும் இடம் மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் ஜோடி. உப்புத்தாள் போடக் கூடாது, துடைத்தால் போதும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’கென்று பாலத்தில் (காற்றுவழியின் அடியில் உள்ள மேடு) உட்கார வேண்டும். திராட்டில் தண்டில் ஆட்டம் இருந்தால் அந்த வழியாகக் காற்று இழுக்கும், அதை வைத்துக்கொண்டு ஐட்லிங் நிற்கவே நிற்காது. முதலில் புது புஷ்.

ஜெட்டைப் பாலத்தோடு சமமாகக் கொண்டுவந்து, அங்கிருந்து நட்டைப் பன்னிரண்டு பக்கம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். அதுதான் தொடக்கம். இரண்டையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரண்டு வாயிலும் உறிஞ்சும் சத்தம் ஒன்றாகும்வரை ஐட்லிங் ஸ்குரூவைத் திருப்புங்கள். பிறகு கலவை. ஒரு பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். வேகம் ஒரு நொடி லேசாக ஏறித் திரும்பினால் சரி. ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் தடுமாறி அணைந்தால் குறைவு. ஒரு தடவைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் நட்டைத் திருப்பாதீர்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மாறும், இரண்டு மூன்று சுற்று போக வேண்டும்.

#13 அபிங்டன்71

கிளியரன்ஸ் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் 0.004 அங்குலம்தான் இருந்தது. சரிசெய்த பிறகு கம்ப்ரஷன் 140. கதவு இடைவெளி, ஓட்டுநர் பக்கம்: மேலே 3, நடுவே 5, கீழே 7 மி.மீ. ஜாக்கி கொடுத்தால் மேலே 2 ஆகிறது. பயணி பக்கம் மூன்றிலும் 5, தூக்கினாலும் மாறவில்லை.

#14 ஜெட்நீடில்

சீட் இறங்கியிருக்கிறது. அவசரமில்லை. வண்டி ஓட ஆரம்பித்ததும் 500 மைலுக்கு ஒருமுறை அந்த வால்வை மட்டும் பாருங்கள். மறுபடி நெருங்கினால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

#15 தகரவேலை

ஓட்டுநர் பக்கம் தொய்ந்துவிட்டது. இந்த நிலையில் வெட்டிப் புதுச் சில் போட்டால் தொய்வை நிரந்தரமாக வெல்டு செய்ததாகிவிடும். தாங்குக் குழாயின் நடுவே திருகி நீட்டும் டர்ன்பக்கிள் ஒன்றை வையுங்கள். மேல் மூலையை மெல்ல, ஒரு நாளைக்கு அரை மி.மீ. என்று விரித்து, 3ஐ 5க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் கதவுக் கீலின் பின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவின் பின் முனையைத் தூக்கிப் பாருங்கள், ஆடினால் 3-5-7இல் ஒரு பங்கு கீலுடையது. கீலை முதலில் சரிசெய்து, மறுபடி அளந்து எழுதுங்கள்.

பயணி பக்கம் நன்றாக இருக்கிறது, அதை இப்போது தொடவே வேண்டாம். உங்களுக்கு அளவுகோல் அந்தப் பக்கம்தான். கீல் பார்த்த பிறகு புது அளவை இங்கே போடுங்கள், அதுவரை கிரைண்டரை எடுக்காதீர்கள்.